கண் விழிக்காத கம்ப்யூட்டர்

விசைத்தறி ஓடுகிற ஊருக்கு நீங்கள் விருந்தாளியாகப் போனதுண்டா? முதல் நாள் இரவு அந்தச் சத்தத்தில் கண்ணை மூட முடியாது. இரண்டாம் நாள் பழகிவிடும். மூன்றாம் நாள் அதுவே தாலாட்டாகிவிடும். நாலாம் நாள் நடுநிசியில் மின்சாரம் நின்று தறிகள் ஓய்ந்துபோனால், "என்ன ஆயிற்று?" என்று திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வீர்கள்!

வெள்ளகோவிலில் எனக்கு அப்படித்தான் நேர்ந்தது.

கோவையிலிருந்து கரூருக்குப் போகும் சாலையில் காங்கேயத்தைத் தாண்டினால் வெள்ளகோவில். 2009ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் பிறக்கும் வரையில் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். முருங்கைக்காய்க்கும் விசைத்தறிக்கும் பெயர் பெற்றது. கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி ஒருத்தி அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். முன்கட்டில் வீடு, பின்கட்டில் தறிக்கூடம், இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு அறை. அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர். படுக்கை விரிப்பு டிசைன்கள், நூல் வாங்கிய கணக்கு, கூலிக் கணக்கு, வரிக் கணக்கு எல்லாம் அதற்குள்ளேதான். அதன் எஜமானி என் தோழி.

விடிந்ததும் மின்சாரம் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் துவங்கின. கம்ப்யூட்டர் மட்டும் கண் விழிக்கவில்லை.

விழிக்கவே இல்லை என்று சொல்வதும் பிசகு. விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. பிறகு நீலத் திரை ஒன்று தோன்றி, அதில் சோகமாய் ஒரு முகமும், "இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்" என்று ஒரு வாசகமும் வந்தன. "துவங்க வேண்டிய தட்டை அணுக முடியவில்லை" என்பது அதற்குப் பொருள். உடனே தானாக அணைந்து, மறுபடி எரிந்து, மறுபடி அதே அழுமூஞ்சி!

அன்று தேதி 18. ஜி.எஸ்.டி. கணக்கை 20ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். தோழியின் கணவர் பதறிப் போய், பழுது பார்க்கிற ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் ஐந்து நிமிஷம் பார்த்தார். "ஃபார்மட் பண்ணிடலாமுங்க. சாயங்காலத்துக்குள்ள ஓடும்" என்றார்.

"உள்ளே இருக்கிறதெல்லாம்?" என்று கேட்டாள் தோழி.

"அது போனது போனதுதானுங்க."

வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமியார் அம்மாள் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது மெதுவாகக் கேட்டார்: "அவிய பேசுனது அதுக்குள்ளதான இருக்குது, அம்மிணி?"

யாரும் பதில் சொல்லவில்லை. 'அவிய' என்றது அவருடைய கணவரை. அவர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. கடைசிப் பொங்கலன்று மாட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே பேரனிடம் அவர் ஏதோ வேடிக்கையாகப் பேசியதைச் செல்போனில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார்கள். செல்போன் பழசாகி எப்போதோ விலைக்குப் போய்விட்டது. அந்தக் குரல் இருந்த ஒரே இடம், கண் விழிக்காத அந்தப் பெட்டி.

வீட்டில் ரெய்டு!

வந்தவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண்ணுக்கு ஆள் அனுப்பினோம். மத்தியானம் ஒரு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. வந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஒன்றும் செய்யாமல் நின்றதுதான். மின்சாரத்தை அணைக்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்தாள். நேற்று கடைசியாக எப்போது ஓடியது? புதிதாக ஏதாவது மாட்டினீர்களா? பெட்டியைத் திறந்தது யார்? திரையில் வந்த வாசகத்தை யாராவது எழுதி வைத்தீர்களா?

பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தவள், "உங்க வீட்டுல ரெய்டு இருக்குதுங்களே!" என்றாள்.

மாமியார் கையிலிருந்த முறம் கீழே விழுந்துவிட்டது. "ரெய்டா! நாம எந்தத் தப்பும் பண்ணலியே, கண்ணு!"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வருமான வரிக்காரர்களின் ரெய்டுக்கும் இந்த ரெய்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனி ராமாக் என்ற யந்திரத்தை வெளியிட்டது. தகவல்களைச் சுழலும் தட்டில் பதித்து வைக்கும் ஏற்பாடு அதோடுதான் விற்பனைக்கு வந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுக்கள். ஒரு டன்னுக்கு மேல் எடை. அத்தனையும் சேர்ந்து பிடித்து வைத்தது 50 லட்சம் எழுத்துக்களைத்தான். இன்று ஒரே ஒரு புகைப்படத்துக்கே அந்த இடம் போதாமற் போகலாம்!

நாளாவட்டத்தில் தட்டுக்கள் சிறுத்தன, விலையும் இறங்கியது. ஆனால் தட்டு என்பது ஓயாமல் சுழல்கிற சாமான்; ஒரு நாள் கெட்டுத்தான் தீரும். 1988ல் அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு பெரிய விலையுயர்ந்த தட்டை நம்புவதைவிட, மலிவான சிறு தட்டுக்கள் பலவற்றைக் கூட்டாகச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் மற்றவை காப்பாற்றும்படி செய்யலாம் என்பது அவர்கள் வாதம். அந்தக் கூட்டுக்கு அவர்கள் வைத்த நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள்தான் ரெய்டு. அந்தப் பெயரில் 'மலிவான' என்று இருந்த சொல்லைப் பிற்காலத்தில் 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். விற்கிறவர்களுக்கு மலிவு என்ற சொல் பிடிக்குமா?

கூட்டுக் குடும்பத்தில் மூன்று வகை

ரெய்டில் பல வகை உண்டு. நமக்குத் தெரிய வேண்டியவை மூன்று.

ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். மாமியார் சொல்லச் சொல்ல இருவரும் அதே கணக்கைத் தனித்தனி நோட்டில் எழுதுகிறார்கள். ஒரு நோட்டு தண்ணீரில் விழுந்தாலும் இன்னொன்று இருக்கிறது. இது ரெய்டு ஒன்று. தோழி வீட்டில் இருந்தது இதுதான்.

அதே மருமகள்களில் மூத்தவள் ஒரு வரியும் இளையவள் அடுத்த வரியுமாகப் பிரித்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்று வையுங்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு நோட்டு போனால் மற்றதைப் படித்து யாதொரு பயனும் இல்லை. இது ரெய்டு பூஜ்யம். வேகம் உண்டு, காவல் இல்லை.

மூன்றாவது வகைக்குப் பால் கணக்கைப் பாருங்கள். காலையில் 3 லிட்டர், மாலையில் 2 லிட்டர், மொத்தம் 5. காலைக் கணக்கு அழிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தால் மூன்று வந்துவிடுகிறது! இந்த மாதிரி, மொத்தம் போன்ற ஒரு கணக்கையும் சேர்த்துத் தட்டுக்களில் பரப்பி வைப்பது ரெய்டு ஐந்து. குறைந்தது மூன்று தட்டுக்கள் வேண்டும். ஒன்று போனால் மற்றவற்றிலிருந்து திரும்பக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். இரண்டு போனால் தொலைந்தது.

"அப்படியானால் எங்களிடம் இரண்டு நோட்டு இருந்தும் ஏன் கம்ப்யூட்டர் விழிக்கவில்லை?" என்று என் தோழி கேட்டாள். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள்.

காட்டிக் கொடுத்த கடிகாரம்

அந்தப் பெண் யந்திரத்தைப் போட்ட மாத்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தி, 'பயாஸ்' என்கிற திரைக்குள் நுழைந்தாள். யந்திரம் எழுந்தவுடன் முதலில் ஓடுகிற சிறு நிரல் அது. அங்கே ஒரு மூலையைச் சுட்டிக் காட்டினாள். தேதி என்ற இடத்தில் பல வருஷத்துக்கு முந்தைய ஜனவரி 1 இருந்தது!

"பாட்டரி போயிடுச்சுங்க" என்றாள்.

கம்ப்யூட்டருக்குள் எட்டணா நாணயம் போல ஒரு சிறு பாட்டரி உண்டு. சி.ஆர். 2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். அகலம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதே அந்த எண்ணின் ரகசியம். மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட்டுவதும், பயாஸில் நாம் செய்து வைத்த ஏற்பாடுகளை மறக்காமல் வைத்திருப்பதும் இதன் வேலை. சில வருஷங்களில் இது தீர்ந்துபோகும். மின்சாரம் இருக்கும் வரை தீர்ந்தது வெளியில் தெரியாது. ஒரு ராத்திரி மின்சாரம் நின்றதும் பல யந்திரங்களுக்கு எல்லாம் மறந்துவிடும்.

கடையைத் திறக்கிற கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். "இந்த இரண்டு பீரோவும் சேர்ந்து ஒன்று, இன்ன சாவியால் திற" என்று முதலாளி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு அவரிடம் இருக்கிறது. ஒரு நாள் சீட்டு தொலைந்துவிடுகிறது. கணக்குப்பிள்ளை விழிக்கிறார். பீரோவுக்கு ஒன்றும் நேரவில்லை. அதற்குள் இருக்கும் பத்திரங்களுக்கும் ஒன்றும் நேரவில்லை. காலையில் வந்தவர் சொன்ன யோசனை என்ன? சீட்டைக் காணோம், ஆகையால் பீரோவைக் கொளுத்திவிடுவோம் என்பதுதான்!

அந்தப் பெண் மின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே கை வைத்தாள். முதலில் செல்போனில் உள்ளே இருந்த நிலையைப் படம் பிடித்தாள். இரண்டு தட்டுக்களுக்கும் போகிற கம்பிகள் ஒன்று போல் இருந்தன. தோழியிடம் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி, ஒரு தட்டுக்கும் அதன் கம்பிக்கும் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு என்று ஒட்டினாள். பாட்டரியை மாற்றினாள். மறுபடியும் பயாஸுக்குப் போய்த் தேதியைச் சரி செய்தாள். தட்டுக்களைப் பார்க்கும் முறை என்ற இடத்தில் 'ஏ.எச்.சி.ஐ.' என்று இருந்தது. தட்டுக்களைத் தனித்தனியே பார்க்கும் முறை அது. பாட்டரி தீர்ந்ததும் யந்திரம் தன் பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. அதை 'ரெய்டு' என்று மாற்றினாள். கூட்டின் விவரம் தட்டுக்களிலேயே பதிந்திருக்கும். ஆகையால் யந்திரத்துக்கு நினைவூட்டினால் போதும். புதிதாகக் கூட்டுச் சேர்க்க வேண்டியதில்லை. சேர்க்கவும் கூடாது.

திரையில் இரண்டு தட்டுக்களின் பெயரும் வந்தன. எல்லோரும் மூச்சு விட்டோம். அவள் மட்டும் முகம் சுளித்தாள்.

எழுதுவதை நிறுத்திய நோட்டு

கூட்டின் எதிரே 'டீகிரேடட்' என்று ஒரு சொல் மஞ்சளில் மின்னியது. 'ஒற்றைக் காலில் நிற்கிறேன்' என்று அதற்குப் பொருள். இரண்டு தட்டுக்களில் ஒன்று எப்போதோ செத்துப்போயிருந்தது. மற்றொன்றே இத்தனை நாளும் தனியாகச் சுமந்து வந்திருக்கிறது!

"மூலையில ஏதாச்சும் சின்னக் கட்டம் வந்து எச்சரிக்கை சொல்லுச்சுங்களா, அக்கா?"

தோழியின் முகம் வாடியது. "தைப்பூசத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. என்னவோ என்று பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுவேன்" என்றாள்.

கதையில் மிகப் பெரிய அபாயம் இந்த இடத்தில்தான் இருந்தது. இளைய மருமகள் தைப்பூசத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்று வையுங்கள். இன்று அவள் நோட்டைப் பார்த்து மூத்தவள் நோட்டைத் திருத்தினால் என்ன ஆகும்? இடைப்பட்ட மாதங்களின் கணக்கு அடியோடு போய்விடும். ரெய்டைத் திரும்பக் கட்டும்போது எந்தத் தட்டிலிருந்து எந்தத் தட்டுக்கு என்பதைத் தப்பாகச் சொன்னால் யந்திரம் ஆட்சேபிக்காமல் அப்படியே செய்து முடித்துவிடும்.

அவள் அவசரப்படவில்லை. கெட்ட தட்டின் வரிசை எண் திரையில் இருந்தது. அதே எண் தட்டின் மேல் ஒட்டிய காகிதத்திலும் இருக்கும். ரேஷன் கார்டு எண்ணைச் சரி பார்ப்பது போல் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து ஒப்பிட்டாள். கறுப்புப் பொட்டு வைத்ததுதான் கெட்டது. அதன் கம்பியைக் கழற்றினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

அழுமூஞ்சி வரவில்லை. வழக்கமான திரை வந்தது. தோழி கணக்கு இருக்கிறதா என்று பார்க்க ஓடினாள். அந்தப் பெண் தடுத்தாள். "முதல்ல நகல் எடுத்துடலாமுங்க. மிச்சம் இருக்கிறது ஒத்தத் தட்டு" என்றாள். கையோடு கொண்டு வந்திருந்த வெளித் தட்டை இணைத்து, டிசைன், கணக்கு, படம் எல்லாவற்றையும் நகலெடுத்தாள். எடுத்த நகல் திறக்கிறதா என்று நாலைந்தைத் திறந்தும் பார்த்தாள். புதுத் தட்டு மறுநாள்தான் வந்தது. பழையதைவிட அளவு குறையாததாகப் பார்த்து வாங்கி மாட்டினார்கள். கூட்டு திரும்பக் கட்டப்படுவதற்குப் பல மணி நேரம் பிடித்தது.

இரண்டு நோட்டு இருந்தால் போதுமா?

"இரண்டு தட்டு இருக்கிறதே, வேறு நகல் எதற்கு?" என்றுதான் அந்த வீட்டார் நினைத்திருந்தார்கள். நம்மில் பலரும் நினைப்போம். இரண்டு மருமகள்களும் மாமியார் சொல்வதையே எழுதுகிறார்கள் அல்லவா? "அந்தப் பக்கத்தை அடித்துவிடு" என்று தவறிச் சொன்னால் இருவரும் அடித்துவிடுவார்கள். வீட்டில் இடி விழுந்தால் இரண்டு நோட்டும் போகும். திருடன் வந்தால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். ஒரு தட்டு கெட்டால் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது ரெய்டு. பொருளைக் காப்பாற்றுவது வேறிடத்தில் இருக்கும் நகல்.

1998ல் அமெரிக்காவின் பிக்ஸார் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' என்ற சித்திரப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறிப் பிறப்பித்த ஒரு கட்டளையில் படத்தின் பெரும் பகுதி கண்ணெதிரே மறைந்தது. காவல் நகலைப் பார்த்தார்கள். அதுவோ சரியாகப் பதிவாகவே இல்லை. அப்போது அங்கே பணி செய்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணிக்கு ஒரு ஞாபகம் வந்தது. அவர் குழந்தை பெற்று, வீட்டிலிருந்தபடி வேலை பார்த்தவர். அதற்காகப் படத்தின் நகலை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்த யந்திரத்தைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து, குழந்தையைக் கொண்டுவருவது போல் ஜாக்கிரதையாகக் கொண்டுவந்தார்கள். 1999ல் படம் வெளியாயிற்று.

அமெரிக்கா வரை போவானேன்? 1887ல் சீவக சிந்தாமணியையும், 1892ல் சிலப்பதிகாரத்தையும் உ.வே. சாமிநாதையர் அச்சிட்டாரே, எப்படி? ஊர் ஊராகவும் மடம் மடமாகவும் வீடு வீடாகவும் தேடிச் சேர்த்த ஏடுகளை ஒப்பிட்டுத்தானே! ஓரிடத்து ஏட்டில் சிதைந்திருந்தது இன்னோரிடத்து ஏட்டில் கிடைத்தது. எல்லா ஏடும் ஒரே வீட்டுப் பரணில் இருந்து, அந்த வீட்டில் கறையான் புகுந்திருந்தால் நம் கதி என்ன?

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் விழிக்காவிட்டால்...

தறியில் பாவு நூல் அறுந்தால் என்ன செய்கிறார்கள் என்று அந்த வீட்டுத் தறிக்கூடத்தில் நின்று பார்த்தேன். உடனே தறியை நிறுத்துகிறார்கள். எந்த இழை என்று தேடுகிறார்கள். அதை மட்டும் முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுகிறார்கள். இழை அறுந்ததற்காகப் பாவு முழுவதையும் வெட்டி எறிகிற தறிக்காரர் உலகத்திலேயே கிடையாது. கம்ப்யூட்டருக்கும் இதுவே சூத்திரம்.

நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டு அணைக்க வேண்டாம். தானாகவே பழுது பார்க்கிறேன் என்று யந்திரம் துவங்குகிற வேலை சில சமயம் கெடுதலில் முடியும். திரையில் வந்த வாசகத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பயாஸில் தேதி சரியாக இருக்கிறதா, தட்டுக்கள் எல்லாம் தெரிகின்றனவா, ரெய்டு என்ற முறை மாறிவிட்டதா, எந்தத் தட்டிலிருந்து துவங்குவது என்ற வரிசை மாறிவிட்டதா என்று பாருங்கள். கம்பி நழுவியிருக்கலாம்; அதையும் பாருங்கள். கழற்றுமுன் அடையாளம் வையுங்கள். "புதிதாக உருவாக்கு", "துவக்க நிலைக்குக் கொண்டு போ", "ஃபார்மட்" என்ற மூன்றையும் யார் சொன்னாலும் அழுத்த வேண்டாம். தட்டிலிருந்து 'கடக், கடக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, தகவல் மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கொடுங்கள். மூலையில் வருகிற சின்னக் கட்டத்தை மூடுமுன் ஒரு முறை படியுங்கள்!

சரி, அந்தப் பொங்கல் படம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள், இல்லையா?

இருந்தது. அன்று சாயங்காலம் விளக்கேற்றியபின் அதைப் போட்டார்கள். மாட்டின் கழுத்து மணிச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெரியவரின் குரல் அறையில் கேட்டது. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் இல்லை. மாமியார் அம்மாள் நின்றபடியே கேட்டார். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நகலெடுத்த வெளித் தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதே மாதிரி இன்னொண்ணு எடுத்துக் குடு, அம்மிணி. கரூர்ல மக வூட்டுல வெச்சுட்டு வர்றேன். நகைய எல்லாம் ஒரே பொட்டியிலயா வெக்கறோம்?"